ஈ, தா, கொடு: வரம் வழங்கும் விதிகளை வாசித்தல்

தொல்காப்பியர் எச்சவியலில் மூன்று வினைகளைப் பிரித்து வைக்கிறார். ஒன்றைக் கேட்கும்போது தாழ்ந்தவன் 'ஈ' என்பான், ஒத்தவன் 'தா' என்பான், உயர்ந்தவன் 'கொடு' என்பான். படிநிலைச் சமூகத்தின் இலக்கணம் என்று சொல்லி இதை ஒதுக்கிவிடலாம். ஒதுக்க வேண்டியதும்தான். ஆனாலும் அதில் ஒரு விஷயம் இருக்கு. கொடுத்தல் என்கிற செயலை அவர் கொடுப்பவன் கையிலிருந்து பார்க்கவில்லை, கேட்பவன் வாயிலிருந்து பார்க்கிறார். கேட்பது யார் என்பதைப் பொறுத்து ஒரே கொடை மூன்று வேறு செயல்களாகிவிடுகிறது. நான் இங்கே பேசப்போவது இலக்கணத்தைப் பற்றியல்ல. மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் பாத்திரமேற்பு ஆட்டங்களில், ஒரு பாத்திரம் இன்னொரு பாத்திரத்துக்கு ஆற்றல் வழங்குவதற்கான விதிகளை எப்படி எழுதியிருக்கிறார்கள் என்பது பற்றி.

இதை ஏன் இந்தப் பக்கங்களில் எழுதணும்? நண்பர்கள் சிலர் ஒரு வேலைநிறுத்தத்தை மையமாக வைத்து இப்படியொரு ஆட்டத்தை உருவாக்கிக்கொண்டிருக்கிறார்கள். பயிற்சி முகாம்களில் ஆடுவதற்காக. அவர்களுடைய வரைவில் 'அமைப்பாளர்' என்றொரு பாத்திரம் வருகிறது. அவருடைய சிறப்பாற்றல் தொழிலாளிகளுக்குத் 'துணிவூட்டுவது'. அமைப்பாளர் பகடையை உருட்டுவார், தொழிலாளிக்குத் துணிவு வந்துவிடும். வரைவில் என்னை உறுத்திய இடம் அது. 'இதெல்லாம் ஆட்டம்தானே தோழர்' என்றார் ஒருவர். ஆட்டம்தான். ஆனால் ஒரு கருத்தைப் பிரசுரத்தில் படிப்பது வேறு, அதையே மூன்று மணி நேரம் உடம்பாலும் வாயாலும் திரும்பத் திரும்ப ஒத்திகை பார்ப்பது வேறு.

தெரியாதவர்களுக்கு ஒரு சிறு அறிமுகம். 1974இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், லேக் ஜெனீவா என்ற சிற்றூரிலிருந்து கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் எழுதிய 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' வெளிவந்தது. ஒரு பெட்டி, அதற்குள் மூன்று சிறு புத்தகங்கள். பொம்மைப் படைகளை வைத்து ஆடும் போர் விளையாட்டிலிருந்து பிறந்தது அது. நாலைந்து பேர் உட்காருவார்கள். ஒருவர் ஆட்டத்தை நடத்துவார்: எதிரி, மழை, சந்தை, கடவுள் எல்லாம் அவர்தான். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம். பேச்சுதான் ஆட்டம், சந்தேகமான இடத்தில் பகடை. பார்வையாளர் இல்லாத கூத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பாத்திரத்தால் எது முடியும் என்பதை விதிநூல் சொல்லும். விதிநூல்தான் இங்கே பிரதி.

ஆங்கிலத்தில் 'பவர்' ஒரே சொல். தமிழில் ஆற்றல், வலிமை, சக்தி, அதிகாரம் என்று சிதறிக் கிடக்கிறது. 'எம்பவர்மென்ட்' என்பதை 'அதிகாரமளித்தல்' என்று மொழிபெயர்த்தோம். அளிப்பவர் யார் என்கிற கேள்வி அந்தச் சொல்லுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது, நாம்தான் கேட்பதில்லை. அதிகாரம் என்பது ஒருவர் கையில் வைத்திருக்கிற பொருளல்ல, உறவுகளுக்குள் செயல்படுவது என்று ஃபூக்கோ 1976இல் எழுதியதை முப்பது வருஷமாக நாமும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். சரி. ஆனால் ஆட்ட விதி எழுத உட்கார்ந்தால் இந்த வாக்கியம் கைகொடுப்பதில்லை. விதிக்கு எண் வேண்டும், தாளில் கட்டம் வேண்டும், யாரிடம் எவ்வளவு இருக்கிறது என்று குறிக்க வேண்டும். அதிகாரத்தைப் பொருளாக்கினால்தான் ஆட்டமே நடக்கும். ஆகவே ஃபூக்கோவைச் சொல்லி விதிநூல்களைத் தள்ளிவிடுவது சுலபம், பிரயோஜனமில்லை. பொருளாக்கப்பட்ட அந்த ஒன்று ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போகும்போது அதோடு சேர்ந்து என்னென்ன கயிறுகள் போகின்றன என்பதுதான் என் கேள்வி.

முதல் கயிறு மேலே கட்டப்பட்டது. 1974 பெட்டியிலேயே 'கிளெரிக்' என்ற பூசாரி-வீரன் உண்டு. அவனுடைய மந்திரங்கள் அவனுடையவை அல்ல, தெய்வம் வழங்குபவை. அது எப்படி வழங்குகிறது என்பதை 1979இல் வந்த, ஆட்டம் நடத்துபவருக்கான கையேடு விவரித்தது. கீழ்நிலை மந்திரங்கள், அதாவது முதல் இரண்டு படிகள், அவனுடைய சொந்த விசுவாசத்தாலும் பயிற்சியாலும் கிடைக்கும். மூன்றாம், நான்காம், ஐந்தாம் படிகளைத் தெய்வத்தின் ஊழியர்களான சிறு சக்திகள் வழங்கும். ஆறும் ஏழும் தெய்வத்திடம் நேரடியாக வாங்க வேண்டும். நடத்தை சரியில்லையென்றால் கேள்வி வரும், மந்திரம் நிறுத்தப்படும். கிராம நிர்வாக அலுவலர், தாசில்தார், கலெக்டர் என்று கோப்பு நகர்வதைப் பார்த்தவர்களுக்கு இதில் மாயமே இல்லை. கைகாக்ஸ் மதத்தைப் பற்றி எழுதுவதாக நினைத்திருக்கலாம். எழுதியிருப்பது நிர்வாகத்தைப் பற்றி.

'பாலடின்' இன்னும் கறாரான வழக்கு. 1978 விதிநூல்படி அந்தப் புனித வீரன் தெரிந்தே, விரும்பியே ஒரு தீய செயலைச் செய்தால் தன் நிலையை அந்தக் கணமே இழப்பான். திரும்பக் கிடைக்காது. சின்ன ஒழுங்கு மீறல் என்றால் ஒரு பூசாரியிடம் போய்ப் பிராயச்சித்தம் செய்துகொள்ளலாம். எது தீயது என்று தீர்மானிப்பவர் ஆட்டம் நடத்துபவர். அதனால் பல மேசைகளில் பாலடினை வைத்து நடந்தது ஆட்டமல்ல, விசாரணைக் கமிஷன்.

இதைப் படிக்கும்போது நம்மூர் வரங்கள் நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியவில்லை. புராணங்களில் வரம் கொடுத்தால் கொடுத்ததுதான். திரும்ப வாங்குவது என்ற ஏற்பாடே இல்லை. பஸ்மாசுரனுக்கு வரம் கொடுத்துவிட்டு சிவனே ஓடுகிறார். இரணியன் வாங்கிய வரத்தை ரத்து செய்ய முடியாமல் அந்தி நேரம், வாசற்படி, மனிதனுமில்லாத மிருகமுமில்லாத உடம்பு என்று சட்ட ஓட்டை தேட வேண்டியிருக்கிறது. சூரபத்மனுக்கு 108 யுகம் என்றால் 108 யுகம். கொடுத்தவர் கொடுத்ததால் ஆபத்துக்குள்ளாகிறார். கயிறு அவர் கையில் இல்லை. ஆட்ட வடிவமைப்பு என்று மட்டும் பார்த்தால் இது கிளெரிக்கின் விதியைவிடப் பெறுபவனுக்கு மரியாதை கொடுக்கிற விதி. இதைக் கொண்டாட நான் தயாரில்லை. கடைசியில் செத்தது எப்போதும் அசுரன்தான், அதுவும் சூழ்ச்சியால். ஆனால் சூழ்ச்சி தேவைப்பட்டது என்பதே அந்த வரம் மெய்யானது என்பதற்கு அத்தாட்சி. மெய்யாகவே கைமாறாத ஒன்றைப் பறிக்க யாரும் தூணுக்குள் ஒளிந்திருக்க வேண்டியதில்லை.

அடுத்து, விதிநூலின் இலக்கணம். இந்த நூல்கள் வாசகரை 'நீ' என்று விளித்து எழுதப்பட்டவை. ஆற்றல் வழங்கும் விதிகளில் இந்த 'நீ' எப்போதும் கொடுப்பவர்தான். பெறுபவர் யார்? 'உயிரி ஒன்று', 'இலக்கு'. எதிரியின் மீது தீயை எறிகிற விதியிலும் அதே 'இலக்கு'தான். நண்பனுக்கு ஆசி வழங்குவதும் பகைவனைச் சுடுவதும் வாக்கிய அமைப்பில் ஒன்றுபோல் இருக்கின்றன. 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பில் மூன்று விதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

'பிளெஸ்' என்ற ஆசி மந்திரம் மூன்று பேருக்கு வழங்கப்படுகிறது. அவர்கள் தாக்கும்போதும் தற்காக்கும்போதும் ஒரு நான்குமுகப் பகடையைக் கூடுதலாக உருட்டலாம். ஆனால் கொடுத்தவரின் மனக்குவிப்பு நீடிக்கும் வரைதான். அவர் மேல் ஓர் அடி விழுந்து குவிப்பு கலைந்தால் மூன்று பேருக்கும் ஆசி போயிடும். 'ஹேஸ்ட்' வேகம் தருகிற மந்திரம். அது முடிகிறபோது பெற்றவர் ஒரு முறை முழுக்க அசைய முடியாமல் நிற்பார். பழைய பதிப்புகளில் இதே மந்திரம் பெற்றவரின் வயதில் ஒரு வருஷத்தைக் கூட்டிவிடும். கொடுப்பவருக்குப் பெருமை, வாங்கியவருக்கு நரை! ஒரு நியாயம் சொல்ல வேண்டும்: ஹேஸ்டில் 'விருப்பமுள்ள' உயிரி என்று ஒரு சொல் இருக்கிறது. பிளெஸ்ஸில் அதுவும் இல்லை. ஆசீர்வாதத்துக்கு சம்மதம் எதற்கு என்று நினைத்திருப்பார்கள்.

மூன்றாவது, பாடகனான 'பார்டு' தருகிற உற்சாகம். அவன் பாட்டையோ பேச்சையோ கேட்கக்கூடிய தூரத்தில் இருக்கிற ஒருவருக்கு ஓர் ஆறுமுகப் பகடை கிடைக்கும். அடுத்த பத்து நிமிஷத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் அதை அவர் பயன்படுத்தலாம். தன் இருபதுமுகப் பகடையை உருட்டிப் பார்த்துவிட்டு, ஜெயமா தோல்வியா என்று அறிவிக்கப்படுமுன், இதைச் சேர்ப்பதா வேண்டாமா என்று அவரே முடிவு செய்யலாம். பல மேசைகளில் உண்மையாகவே ஒரு பகடையை எடுத்துப் பக்கத்திலிருப்பவர் கையில் வைத்துவிடுகிறார்கள். பார்டு அதன் பிறகு செத்தாலும் அந்தப் பகடை செல்லும். கிளெரிக்கின் கயிறு இங்கே அறுந்துவிட்டது. ஐம்பது வருஷத்து விதிநூல்களில் கொடை என்ற சொல்லுக்கு நெருங்கி வருகிற விதிகளில் இது ஒன்று என்பேன். இருந்தாலும் இதிலும் கேட்கிற வாய் இல்லை. பார்டு கொடுக்க நினைத்தால் கொடுப்பான், அவ்வளவுதான். பெறுபவர் 'தா' என்று சொல்வதற்கு விதியில் இடமில்லை.

பிறப்பால் வழங்கப்படும் ஆற்றல்களைச் சுருக்கமாகக் கடந்துபோகிறேன், நமக்கு இது புதுசில்லை என்பதால். 1974 விதிகளில் ஹாபிட் வீரன் நான்காம் படிக்கு மேல் போக முடியாது, குள்ளன் ஆறாம் படிக்கு மேல். மனிதனுக்கு மட்டும் எல்லையில்லை. 1978 நூலில் மனிதப் பெண்ணின் உடல்வலுவுக்கு ஆணைவிடக் குறைந்த உச்சவரம்பு. பெண்ணுக்கான வரம்பு 1989லும் படிவரம்பு 2000த்திலும் போயின. 'இனம்' தருகிற கூடுதல் புள்ளிகளை வேண்டிய இடத்துக்கு மாற்றிக்கொள்ள 2020இல் அனுமதித்தார்கள். 2024 நூலில் 'இனம்' என்ற சொல்லையே எடுத்துவிட்டு அந்தப் புள்ளிகளை 'பின்புலம்' என்பதற்கு, அதாவது பெரும்பாலும் தொழிலுக்கு, நகர்த்தினார்கள். முற்போக்கான நகர்வு என்று வரவேற்றவர்கள் உண்டு. விவசாயியின் பின்புலம் எதைத் தருகிறது என்று பார்த்தேன்: உடல்வலு, தாங்குதிறன், விவேகம். பிரபுவின் பின்புலம்: உடல்வலு, அறிவு, வசீகரம். கைவினைஞருக்கு அறிவைக் கொடுத்திருக்கிறார்கள், மறைக்கவில்லை. உழுபவனுக்கு இல்லை. பிறப்பிலிருந்து தொழிலுக்கு நகர்வது ஒரு விடுதலை என்று அமெரிக்க வடிவமைப்பாளர் நம்பலாம். பிறப்பும் தொழிலும் ஒரே கயிற்றின் இரண்டு முனை என்று தெரிந்த ஊரில் உட்கார்ந்து இதைப் படித்தால் சிரிப்புதான் வருகிறது. (இந்த ஆட்டங்களில் 'கிளாஸ்' என்பது பொருளாதார வர்க்கமல்ல, வீரன், மந்திரவாதி என்கிற வகை. அதைத் தமிழில் 'வகுப்பு' என்று சொல்லிப் பாருங்கள். வகுப்புவாரி உரிமை பேசிய ஊரில் அந்தச் சொல் தானாகவே உண்மையைச் சொல்லிவிடுகிறது.)

சந்தைக்கு வருவோம். 1981இல் வந்த 'சாம்பியன்ஸ்' முதற்கொண்டு சூப்பர்ஹீரோ ஆட்டங்கள் ஆற்றலை விலைக்கு விற்கின்றன. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் இத்தனை புள்ளி என்று பணம் மாதிரி கொடுத்துவிடுவார்கள், பறப்பதற்கு இவ்வளவு, சுவரை உடைக்க இவ்வளவு என்று வாங்கிக்கொள்ள வேண்டியது. ஸ்டீவ் கென்சன் எழுதி 2002இல் வந்த 'மியூட்டன்ட்ஸ் அன்ட் மாஸ்டர்மைண்ட்ஸ்' இந்த வகையில் நேர்த்தியானது. அதன் மூன்றாம் பதிப்பில் சாதாரணமாக ஒரு நாயகனுக்கு 150 புள்ளி. என் பறக்கும் ஆற்றலை இன்னொருவருக்கு வழங்க வேண்டுமென்றால் அதற்கென்று ஒரு திருத்தம் இருக்கிறது. நானும் பறந்து பிறரையும் பறக்கவைக்க வேண்டுமானால் விலை கூடும். நான் பறக்கவே மாட்டேன், பிறருக்கு மட்டும் கொடுப்பேன் என்றால் விலை கூடாது, குறையவும் குறையாது. முழுசாகக் கொடுத்துவிடுபவனும் முழுசாக வைத்துக்கொள்பவனும் கடையில் ஒரே தொகையைக் கட்டுகிறார்கள்.

அதைவிட முக்கியம், அடுத்து வருகிற நிபந்தனை. பெற்றவர் அந்த ஆற்றலைத் தன் இஷ்டப்படி பயன்படுத்தலாம். ஆனால் கொடுத்தவர் நினைத்தபோது திரும்ப எடுத்துக்கொள்ளலாம். கொடுத்தவர் மயங்கி விழுந்தால் ஆற்றல் நின்றுவிடும். நடுவானில் பறந்துகொண்டிருக்கிறவர் கதி? பயன்பாடு உன்னுடையது, உடைமை என்னுடையது. இதற்கு நம்மிடம் பேர் இருக்கிறது: குத்தகை. வடிவமைப்பாளரின் காரணம் எளிமையானது. திரும்ப எடுக்க முடியாத ஆற்றலை வழங்க அனுமதித்தால் ஒருவர் எல்லாருக்கும் எல்லாவற்றையும் கொடுத்துக்கொண்டே போவார், சமநிலை கெடும். நியாயம்தான். ஆனால் சமநிலை என்ற இந்தச் சொல்லாடல் எப்போதும் கொடுப்பவரின் கணக்குப் புத்தகத்திலிருந்தே எழுதப்படுகிறது என்பதைக் கவனிக்கணும். பெற்றவர் அடுத்த நிமிஷம் இருக்குமா என்று பயந்துகொண்டே ஒன்றைப் பயன்படுத்துவது எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த, மிகவும் சிக்கலான ஒரு வகைக்கு வருகிறேன். 2008இல் வந்த டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் நான்காம் பதிப்பில் 'வார்லார்டு' என்றொரு தளபதி. மந்திரம் இல்லை, தெய்வம் இல்லை. பேச்சாலும் போர்த்தந்திரத்தாலும் பிறரைச் செயல்பட வைப்பவன். அவனுடைய அடிப்படை ஆற்றல்களில் ஒன்று 'கமாண்டர்ஸ் ஸ்ட்ரைக்'. தன் முறையில் அவன் அடிப்பதற்குப் பதிலாக அவன் தேர்ந்தெடுக்கும் தோழர் ஒருவர் அடிக்கிறார், தளபதியின் அறிவு அந்த அடியோடு சேர்கிறது. 2008 நூலின் வாக்கியத்தில் தோழர் 'அடிக்கலாம்' இல்லை, 'அடிக்கிறார்'. தமிழில் இந்த 'லாம்' எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள். அது விழுந்தவுடன் அனுமதி ஆணையாகிவிடுகிறது.

எங்கள் மேசையில் இது ஒருமுறை வெடித்தது. நான்தான் தளபதி. வீராங்கனையாக ஆடிய தோழி, மூன்றாவது தடவையாக நான் அவளை அடிக்கச் சொன்னதும் பகடையை மேசையில் வைத்துவிட்டாள். "நான் அடிக்கிறேனா, இல்ல நீ என்னை வச்சு அடிக்கிறியா?" என்றாள். அரை மணி நேரம் ஆட்டம் நின்றது. கணக்குப்படி அவளுக்கு லாபம்தான். அவளுடைய சொந்த முறை செலவாகவில்லை, இலவசமாக ஓர் அடி. இன்னொருவர் அதைத்தான் எடுத்துச் சொன்னார். அவள் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்: "லாபம் எனக்கு, முடிவு அவனுக்குன்னா அது லாபமே இல்ல." 2014இல் ஐந்தாம் பதிப்பு வந்தபோது வார்லார்டை வகையாகவே எடுத்துவிட்டார்கள். இந்த ஆற்றல் மட்டும் வீரன் கற்கக்கூடிய ஒரு உத்தியாகத் தப்பிப் பிழைத்தது. அதில் 'லாம்' வந்துவிட்டது: தோழர் அடிக்கலாம். ஆனால் அதற்குத் தோழர் தன்னுடைய எதிர்வினை வாய்ப்பைச் செலவழிக்க வேண்டும். சுதந்திரம் வந்தது, பில்லோடு.

ஆனால் வார்லார்டை நான் அவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுக்க மாட்டேன், காரணம் இன்னொரு விதி. அவன் 'ஊக்கச் சொல்' ஒன்றைச் சொன்னால் அடிபட்ட தோழருக்கு உயிர்ப்புள்ளிகள் திரும்பும். எங்கிருந்து? நான்காம் பதிப்பில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் 'ஹீலிங் சர்ஜ்' என்ற சொந்தச் சேமிப்பு உண்டு, ஒவ்வொன்றும் மொத்த உயிரில் கால் பங்கை மீட்கும். தளபதியின் சொல் அந்தச் சேமிப்பைத் திறக்கிறது. கொஞ்சம் கூடுதலாக ஓர் ஆறுமுகப் பகடை அவன் பங்கு. மீதியெல்லாம் அடிபட்டவருக்கே சொந்தமானது. சேமிப்பு தீர்ந்துவிட்டால் தளபதி தொண்டை கிழியக் கத்தினாலும் ஒன்றும் நடக்காது.

'கத்தினால் காயம் ஆறுமா?' என்று இந்த விதியை ஆட்டக்காரர்கள் பலர் கேலி செய்தார்கள். தெய்வம் தொட்டால் காயம் ஆறும் என்பதை முப்பத்துச் சொச்சம் வருஷம் கேள்வியில்லாமல் ஏற்றுக்கொண்டவர்கள், பக்கத்திலிருக்கிற மனிதர் பேசினால் எழுந்து நிற்க முடியும் என்பதை நம்பமுடியாத கற்பனை என்றார்கள்! இந்தக் கேலி எனக்கு நிறையச் சொல்கிறது. மேலிருந்து வருகிற ஆற்றல் இயற்கையாகத் தெரிகிறது. பெறுபவருக்குள்ளேயே இருக்கிறது, சக மனிதரின் சொல் அதைத் திறக்கிறது என்றால் யதார்த்தம் இடிக்கிறது. ஒரு போராட்டக் கூட்டத்துக்குப் பிறகு மனிதர்கள் எப்படி எழுந்து போகிறார்கள் என்பதைப் பார்த்த யாரும் அப்படிச் சிரிக்க மாட்டார்கள்.

ஆட்டக்காரர்கள் வார்லார்டை இன்னொரு திசையிலும் கொண்டுபோனார்கள். தான் ஒருபோதும் அடிக்காத, தன் முறை எல்லாவற்றையும் பிறருக்கே கொடுத்துவிடுகிற தளபதியை உருவாக்கி அதற்கு 'சோம்பேறித் தளபதி' என்று செல்லப்பெயர் வைத்தார்கள். பண்ணையார் மாதிரி இருக்கிறான் என்று சொல்லலாம். ஆனால் கையில் ஆயுதமே இல்லாத இந்தத் தளபதி, பிறர் மறுத்தால் ஒன்றுமேயில்லை. மறுக்க முடியுமா என்பதில்தான் பண்ணையாருக்கும் அமைப்பாளருக்கும் வித்தியாசம். அந்த ஒற்றை 'லாம்'!

கூட்டாக ஆடுகிற ஆட்டம் என்பதால் இயல்பிலேயே ஜனநாயகமானது என்று இந்த ஆட்டங்களைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. நான் பார்த்த மேசைகளில் 'யார் கிளெரிக் ஆடுறீங்க?' என்ற கேள்விக்குப் பிறகு ஒரு மௌனம் வரும். பிறகு பார்வைகள் புதிதாக வந்தவர் பக்கமோ, அங்கே ஒரே பெண்ணாக உட்கார்ந்திருப்பவர் பக்கமோ திரும்பும். ஆற்றல் வழங்குபவர் என்ற மேலிருக்கை, நடைமுறையில் பரிமாறுகிறவர் இருக்கையாகிவிடுகிறது. கடைசியில் சாப்பிடுகிறவர். கொடுப்பவர் எப்போதும் மேலானவர் என்று நான் இதுவரை எழுதியதை இது சிக்கலாக்குகிறது. தெய்வம் கொடுக்கும்போது வரம், அம்மா கொடுக்கும்போது கடமை. விதிநூலில் இரண்டும் ஒரே வரி. கொடையில் கடப்பாடு ஒளிந்திருக்கிறது என்று மார்சல் மோஸ் 1925இல் எழுதினார். கொடுப்பதே கடப்பாடாகிப்போனவர்கள் அடுக்களைக்குள் இருக்கிறார்கள்.

விலையைக் கொடுப்பவர் பக்கம் வைத்த ஆட்டங்களும் வந்திருக்கின்றன. வின்சென்ட் பேக்கரின் 'அபோகலிப்ஸ் வேர்ல்டு' 2010இல் வந்தது. அதில் ஒருவருக்கு உதவ வேண்டுமென்றால், அவருக்கும் உனக்கும் உள்ள பழக்கத்தின் எண்ணைச் சேர்த்து உருட்ட வேண்டும். தெரியாதவருக்கு உதவுவது கடினம். அரைகுறை வெற்றி என்றால் உதவி போய்ச்சேரும், கூடவே உதவியவரும் ஆபத்துக்குள் இழுக்கப்படுவார். பஸ்மாசுரன் கதையின் நியாயமான பாதி இது. ஜான் ஹார்ப்பரின் 'பிளேட்ஸ் இன் த டார்க்' (2017) இன்னும் வெளிப்படையானது. தோழருக்கு ஒரு பகடையைக் கூட்ட, நீ ஓர் அழுத்தப் புள்ளியை ஏற்க வேண்டும். அழுத்தத்துக்கு ஒன்பது கட்டம்தான். நிரம்பினால் மனம் உடையும், அந்தத் தழும்பு போகாது. குழுவை வழிநடத்துகிறவருக்கு ஒரு விதி இருக்கிறது, அதைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடிக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். எல்லாரும் உருட்டுவார்கள், இருப்பதில் சிறந்தது குழுவின் முடிவு. தோற்ற ஒவ்வொருவருக்கும் ஓர் அழுத்தப் புள்ளியைத் தலைவர் ஏற்க வேண்டும். வெற்றி எல்லாருக்கும், தோற்றவர்களின் பாரம் முன்னால் நின்றவருக்கு. நாம் பார்த்த எத்தனை அமைப்புகளில் இந்த விதி தலைகீழாக இருந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஏவரி ஆல்டரின் 'டிரீம் அஸ்க்யூ' பகடையையும் நடத்துபவரையும் சேர்த்தே எடுத்துவிட்டது. நாகரிகம் சரிந்த பிறகு பால்புதுமையினர் சேர்ந்து வாழும் ஒரு குடியிருப்பின் கதை. உன் பலவீனத்தைக் காட்டினால் ஒரு வில்லை கிடைக்கும், வில்லையைச் செலவழித்துத்தான் வலுவான செயலைச் செய்ய முடியும். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஓர் 'ஈர்ப்பு' உண்டு. இன்னொருவர் உன்னிடம் குறிப்பிட்ட விதத்தில் நெருங்கி வந்தால் வில்லை அவருக்குக் கிடைக்கும். கொடுப்பவர் ஒன்றுமே செய்வதில்லை. வருகிறவர் வருவதாலேயே வலுவடைகிறார்.

ஆக, நண்பர்களின் வரைவுக்கு. 'அமைப்பாளர் துணிவூட்டுகிறார்' என்ற விதியில் 'நீ' அமைப்பாளர், தொழிலாளி இலக்கு. எவ்வளவு நல்லெண்ணத்தோடு எழுதினாலும் இது கிளெரிக்கின் விதி, தெய்வத்தின் இடத்தில் கட்சி. நான் முன்வைத்த மாற்று, அமைப்பாளரின் தாளில் இல்லை. அந்த ஆற்றலை அவர் தாளிலிருந்து எடுத்துவிட்டு எல்லாத் தொழிலாளிகளின் தாளிலும் எழுதச் சொன்னேன். வாசகம் இப்படி: 'நீ துணிவிழந்து நிற்கும்போது, அங்கிருக்கும் ஒருவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுத் தா என்று கேட்கலாம்: ஓர் உண்மையை, ஒரு வாக்குறுதியை, ஒரு நாள் கூலியை. அவர் மறுக்கலாம். தந்தால் அவருக்கு அது குறையும், ஒரு பகடை உன் கைக்கு வரும். அந்தப் பகடை உன்னுடையது. எப்போது, எதற்கு உருட்டுவது என்பதை நீயே முடிவு செய்.'

இரண்டு தடவை ஆடிப் பார்த்தார்கள். முதல் தடவை ஒருவரும் அமைப்பாளரிடம் கேட்கவில்லை. தொழிலாளிகள் தங்களுக்குள்ளேயே கேட்டுக்கொண்டார்கள். அமைப்பாளராக ஆடியவருக்கு மாலை முழுக்க வேலையே இல்லை என்று வருத்தம். இரண்டாம் தடவை ஒரு நெசவுத் தொழிலாளி அமைப்பாளரிடமே கேட்டார். சங்கத்தின் நிதியில் எவ்வளவு மிச்சம் என்ற உண்மையைக் கேட்டார். அமைப்பாளர் தயங்கிச் சொன்னார். பகடை கைமாறியது. நாலு காட்சி கழித்து, நிதி ஒரு வாரத்துக்குக்கூடத் தாங்காது என்று தெரிந்த அந்தத் தொழிலாளி, வேலைக்குத் திரும்புவது என்ற தீர்மானத்துக்கு ஆதரவாக அந்தப் பகடையை உருட்டி, ஜெயித்தார்.

வாசகத்தின் கடைசியில் 'வேலைநிறுத்தத்துக்கு எதிராக உருட்டக் கூடாது' என்று ஒரு வரியைச் சேர்க்க வேண்டும் என்கிறார்கள் இப்போது. நல்ல தோழர்கள், காரணமும் இல்லாமல் இல்லை: முகாமுக்கு வருகிறவர்கள் தோல்வியோடு வீட்டுக்குப் போக வேண்டுமா என்கிறார்கள். அந்த வரி வேண்டாம் என்று நான் எழுத்து மூலமாகத் தெரிவித்திருக்கிறேன். அடுத்த மாதம் உட்கார்ந்து பேசுவதாக ஏற்பாடு.